அளக்கும் கோல் யார் கையில்?

அளந்தவன் ஆண்டான், அளக்கப்பட்டவன் அடங்கினான்! நாலே சொல்லில் நாட்டு வரலாற்றைச் சொல்லுக என்று எவரேனும் கேட்டால், நாம் சொல்லக்கூடியது இதுதான்.

களத்துமேட்டிலே நெல் குவிந்தது. உழுதவன் ஓரமாக நின்றான். மரக்கால் பிடித்தவன் நடுவிலே நின்றான். ‘லாபம்’ என்று சொல்லி முதல் மரக்காலை எண்ணினான். லாபம் யாருக்கு என்று உழுதவன் கேட்கவில்லை. நிலத்தை அளக்க ஆள் வந்தான். சங்கிலி நீண்டது, எண்கள் ஏட்டில் ஏறின; எழுதிய எண் என்ன என்று வரப்பில் நின்றவன் கேட்கவில்லை. கேட்க வாய் இல்லாமலா? வாய் இருந்தது. கண் இருந்தது. வியர்வை சிந்திய உரிமையும் இருந்தது. இல்லாமற்போனது ஒன்றே ஒன்று; கணக்கு!

‘அதெல்லாம் பழங்கதை, இன்று மரக்காலும் இல்லை, சங்கிலியும் இல்லை’ என்பார்கள். உண்மைதான். மரக்கால் போயிற்று, சங்கிலி போயிற்று. ஆனால் அளப்பது போகவில்லை, தோழர்களே! அது தரையை விட்டு வானத்துக்குப் போயிருக்கிறது.

2020 ஏப்ரல் 24 அன்று ஒன்றிய அரசு ‘சுவாமித்வா’ என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. ஊருக்கு மேலே டிரோன் பறந்தது. கீழே இருக்கும் கூரைவீடும் மாடிவீடும் படமாயின. செயற்கைக்கோள் தந்த இட எண்களோடு அந்தப் படங்கள் பொருத்தப்பட்டன. வீட்டுக்கு வீடு சொத்து அட்டை என்று வந்தது. புதுவையின் சிற்றூர்க் குடியிருப்புகளும் அந்த அளவையில் அடங்கின. நல்ல திட்டம்தான், நாம் மறுக்கவில்லை. பட்டா இல்லாதவனுக்கு ஒரு பத்திரம் கிடைப்பது நன்மையே. ஆனால் கேட்கிறோம்: அட்டையிலே இத்தனை சதுர மீட்டர் என்று ஓர் எண் அச்சாகி வருகிறதே, அந்த எண் சரியா என்று அந்த வீட்டிலே பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையால் அளந்து சொல்ல முடியுமா?

இன்னொன்றும் பாருங்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலையில், 2023 சனவரி முதல் நாளிலிருந்து, வேலையிடத்து வருகையைக் கைபேசி வழியே பதிவது கட்டாயமாக்கப்பட்டது. நாளுக்கு இரண்டு புகைப்படம். ஒவ்வொரு படத்திலும் நேரம், இடம் இரண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ஏரிக்கரையில் மண்வெட்டி பிடித்து நின்ற தாய், தான் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்கு மெய்ப்பித்தால்தான் கூலி! அவள் எங்கே நிற்கிறாள் என்று வானத்துக்குத் தெரிந்தது. வானம் அதை எப்படித் தெரிந்துகொண்டது என்று அவளுக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த அவள் பிள்ளைக்கும் தெரியாது.

இதுதான் இன்றைய நிலை. கருவி வளர்ந்திருக்கிறது, அது நம்மைப் பார்க்கிறது. நாம் அதைப் பார்க்கக் கற்கவில்லை. ஆகவேதான் சொல்கிறோம்: கணக்குப் பாடத்தைக் கரும்பலகையிலிருந்து கழனிக்குக் கொண்டுவாருங்கள். வில்லியனூரிலும் பாகூரிலும் உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கயிற்றையும் கோலையும் கைபேசியையும் கொடுத்து, ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

‘கணக்கு வராது’ என்று எத்தனை பிள்ளைகளுக்கு நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறோம்! தலையெழுத்தை நம்பாத நாம்கூட இந்தத் தலையெழுத்தை நம்பிவிட்டோம். சைன், காஸ், டேன் என்று மாணாக்கன் முணுமுணுக்கிறான். பொருள் தெரியாமல் முணுமுணுப்பது கணக்கு ஆகுமா? அது மந்திரம்! மந்திரத்தைக் கோயிலில் கேட்டால் நகைக்கிற நாம், வகுப்பறையில் கேட்டால் மதிப்பெண் போடுகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னது, பாடத்திட்டம் வகுப்போர் காதில் இன்னும் சரியாக விழவில்லை.

பொருள் புரியாத மனப்பாடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் புதுவையிலேயே ஒரு சான்று உண்டு. ஜான் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, 1825-இல் வெளிவந்த தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். புதுவையில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிப்பாளர் ஒருவர், தரையிலே சோழிகளை வைத்து, சொற்களாலும் அசைகளாலும் மனத்தில் பதித்து வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, அவ்வாண்டு மே 31, சூன் 1-க்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். தொடக்கம் 4 நிமிடமே பிசகியது. வியப்புத்தான்! ஆனால் நடுநேரம் 23 நிமிடம் பிசகியது. முடிவு 52 நிமிடம் பிசகியது. அந்த மனிதரின் நினைவாற்றலைப் பாராட்டிய வாரன், கணக்கின் அடிப்படைக் கோட்பாடு அவருக்கு ஒன்றும் தெரியாது என்றும் குறித்தார். சோழி பொய் சொல்லவில்லை. நினைவும் பொய் சொல்லவில்லை. ஆனால் பிசகு எங்கே நுழைந்தது என்று தேடிப் பிடிக்க நினைவு மட்டும் போதாது. அதற்குப் புரிதல் வேண்டும். அந்த மனிதரை நாம் பழிக்கவில்லை. இருநூறு ஆண்டு கடந்தும் நம் பள்ளிகள் அவரைப் போன்றவர்களையே செய்துகொண்டிருக்கின்றனவே, அதைத்தான் கேட்கிறோம்.

இன்னும் பின்னே போவோம், பாகூருக்கே போவோம். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு பாகூரில் கிடைத்தது. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை அளித்த செய்தியை அது சொல்கிறது. பெருமைதான்! ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே பாகூரில் கல்லூரி என்று மேடையில் முழங்கலாம், நாமும் கைதட்டலாம். தட்டிவிட்டு ஒன்று கேட்போம். அந்த மூன்று ஊர்களிலும் ஏர் பிடித்தவனின் மகன் அந்தக் கல்விச்சாலைக்குள் உட்கார்ந்தானா? அவன் உட்கார்ந்ததாகச் செப்பேடு சொல்லவில்லை. அவன் விளைத்தான், அவன் விளைத்ததில் மற்றவர் கற்றனர். அன்று அவனுக்கு அடைத்த கதவு இன்று சட்டத்தால் திறந்திருக்கிறது. திறந்த கதவு வழியே உள்ளே வந்த பிள்ளைக்கு, அவன் பாட்டன் உழுத நிலத்தை அளக்கும் கணக்கையாவது சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

வெள்ளையன் ஆட்சியில் என்ன நடந்தது? 1802 ஏப்ரல் 10 அன்று, சென்னைப் பரங்கிமலை அருகே, வில்லியம் லாம்டன் என்பவர் 100 அடிச் சங்கிலியைக் கொண்டு ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 57 நாள் ஆயிற்று. அந்த ஒரு கோட்டின் மீது ஒரு முக்கோணம். அதன் தோளில் இன்னொரு முக்கோணம். இப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாய் ஏறி, இமயம்வரை போனது அந்த அளவை. ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் தெரியும். நம் பிள்ளைகள் பயந்து நடுங்கும் அந்த முக்கோணவியல்தான் ஒரு நாட்டையே அளந்தது! 1852-இல், 15-ஆம் சிகரம் என்று எண் மட்டும் இட்டிருந்த மலையே உலகில் உயரமானது என்று கணக்குப் போட்டுக் கண்டவர் இராதாநாத் சிக்தார், வங்காளத்துக்காரர். மலைக்குச் சூட்டிய பெயரோ எவரெஸ்ட். 1843-இலேயே ஓய்வு பெற்றுப்போன துரையின் பெயர். கணக்குப் போட்டவர் பெயராவது ஏட்டில் இருக்கிறது. காட்டிலும் மேட்டிலும் சங்கிலி சுமந்தவன், கொடி பிடித்தவன், காய்ச்சலில் செத்தவன், அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. சங்கிலியின் ஒரு முனையை நாம்தான் பிடித்திருந்தோம். ஆனால் எண்ணை எழுதும் முனை நம்மிடம் இல்லை.

இப்போது அந்த முனையும் கைக்கு எட்டும் காலம் வந்திருக்கிறது. அன்று அரை டன் எடையுள்ள கோணமானியைப் பலர் கூடித் தூக்கினார்கள். இன்று கால்சட்டைப் பையில் கிடக்கும் கைபேசி, தான் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் நொடியில் சொல்கிறது. எப்படிச் சொல்கிறது? மாயமில்லை, மந்திரமில்லை, உழவன் அறிந்த கணக்கே அது.

மின்னல் வெட்டுகிறது. இடி கேட்கும்வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இடித்தது என்று பொருள். செயற்கைக்கோள் செய்வதும் இதைத்தான். ‘இந்த நேரத்தில் புறப்பட்டேன்’ என்று சொல்லி ஒரு குறிப்பை அனுப்புகிறது. அது நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து நம் தலைக்கு வர, நொடியில் 15-ல் ஒரு பங்கு நேரமே ஆகிறது. வந்த நேரத்தை வேகத்தால் பெருக்கினால் தூரம். மூன்று கோள்களிலிருந்து தூரம் தெரிந்தால் இடம் தெரியும். கைபேசியின் கடிகாரம் துல்லியமானதன்று, ஆகையால் அந்தப் பிழையைத் தீர்க்க நான்காவது கோளும் வேண்டும்.

இந்தியாவுக்கும் சொந்தமாக ‘நாவிக்’ என்ற ஏற்பாடு உண்டு. அதன் முதல் கோள் 2013 சூலை 1 அன்று பறந்தது. பின்னர் அக்கோள்கள் சிலவற்றில் வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் பழுதாயின. 2023 மே 29 அன்று ஏவிய கோளில் இங்கேயே செய்த அணுக் கடிகாரம் வைக்கப்பட்டது. கடிகாரத்துக்கு ஏன் இத்தனை கவலை என்கிறீர்களா? நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், இடம் 300 மீட்டர் பிசகிவிடும்! பாகூர்க்காரன் வீடு பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்.

இதைப் பள்ளித் திடலிலேயே நடத்திக் காட்டலாம். மூன்று முளை அடியுங்கள். மூன்று கயிறு கட்டுங்கள். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு நீளம். முதல் கயிறு ஒரு வட்டத்தைக் காட்டும். இரண்டாவது கயிறு அந்த வட்டத்தை இரண்டு புள்ளியில் வெட்டும். மூன்றாவது கயிறு அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். மூன்று பிள்ளைகளின் கைகள் கூடும் இடமே கைபேசி நிற்கும் இடம்! இதைச் செய்து பார்த்த பிள்ளை, வட்டத்தின் சமன்பாட்டைக் கண்டு இனி அஞ்சுவானா?

இனி ஏரிக்குப் போவோம். வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரி. சங்கராபரணி நீரைச் சுத்துக்கேணி வாய்க்கால் அங்கே கொண்டுசேர்க்கிறது. புதுவையின் நெற்களஞ்சியமான பாகூரில் பெரிய ஏரி. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே அதற்குத் தண்ணீர். ஏரியின் பரப்பைக் கயிறு கொண்டு அளக்க முடியுமா? முடியாது. கைபேசியோடு கரையில் நடக்கலாம். நூறு அடிக்கு ஒருமுறை நின்று எண்களைக் குறிக்கலாம். அட்சரேகையில் ஆயிரத்தில் ஒரு பாகை நகர்ந்தால் ஏறத்தாழ 110 மீட்டர். தீர்க்கரேகையில் அதே அளவு நகர்ந்தால் நம் ஊர் அகலாங்கில் ஏறத்தாழ 109 மீட்டர். ஏன் குறைகிறது? உலகம் உருண்டை, வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்குகின்றன, அந்தக் குறைவைச் சொல்வதுதான் காஸ்! முணுமுணுத்த மந்திரம் இங்கே ஏரிக்கரையில் பொருள் பெறுகிறது. குறித்த புள்ளிகளைக் கட்டத்தாளில் இட்டுப் பரப்பைக் காணுங்கள். அரசு ஏட்டில் உள்ள பரப்போடு ஒப்பிடுங்கள். குறைகிறதா? எங்கே குறைகிறது? நம் அளவையில் பிழையா, அல்லது கரையை எவரேனும் கடித்துவிட்டாரா? கணக்கு வகுப்பு அங்கே குடிமை வகுப்பாகவும் ஆகிவிடும்.

‘அப்படியானால் கைபேசி ஒன்றே போதும், கயிறு எதற்கு?’ என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் பாடத்தின் உயிர் இருக்கிறது. நம் வட்டாரத்தில் ஒரு குழி என்றால் 24 அடிக்கு 24 அடி. 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. தஞ்சைப் பக்கம் 12 அடிக் கோல். அங்கே குழி 144 சதுர அடிதான். பெயர் ஒன்று, பொருளோ நான்கில் ஒரு பங்கு! பிரெஞ்சுக்காரன் எக்டேர், ஆர் என்ற அளவைக் கொண்டுவந்தான். நம் காணி ஏறத்தாழ 53 அரை ஆர். வரப்பைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் கால் வைத்தால் ஏக்கர், சென்ட். அதே காணி அங்கே 132 சென்ட். புதுவையின் எல்லையோ ஒரே துண்டாக இல்லை. தமிழ்நாட்டுக்குள் திட்டுத்திட்டாகச் சிதறிக் கிடக்கிறது. இங்கே பிறந்த பிள்ளை நிலத்தின் பரப்பை மூன்று நான்கு மொழியில் பேசக் கற்க வேண்டியவன். கற்காவிட்டால் நிலத் தரகன் பேசுகிற மொழியில் ஏமாறுவான்.

சரி, ஒரு குழியைக் கைபேசியால் அளக்கச் சொல்லுங்கள். 24 அடி என்பது 7 மீட்டருக்குச் சற்று மேல். திறந்த வானத்தின் கீழே கைபேசி காட்டும் இடத்திலேயே 5 மீட்டர் அளவுக்குப் பிசகு இருக்கும். மரத்தடியிலும் மதிலோரத்திலும் இன்னும் கூடும். 7 மீட்டரை அளக்கப் போன கருவிக்கு 5 மீட்டர் பிசகு என்றால் என்ன நியாயம்? குழியை அளக்கக் கயிறே வேண்டும். ஏரியை அளக்கக் கைபேசி வேண்டும். எந்தக் கருவியை எந்த இடத்தில் எவ்வளவு நம்பலாம் என்ற அறிவே அளவையின் தலையாய அறிவு. ‘செயற்கைக்கோளே சொல்லிவிட்டது’ என்று ஓர் அதிகாரி வந்து சொன்னால், ‘எத்தனை மீட்டர் பிசகோடு சொன்னது ஐயா?’ என்று திருப்பிக் கேட்கிற பிள்ளை வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு நூறு மனப்பாடச் சூத்திரம் ஈடாகாது.

வில்லியனூர்த் தெருவில் திருக்காமீசுவரர் கோயில் கோபுரம் நிற்கிறது. அதன் உயரம் என்ன? ஏறவும் வேண்டாம், உள்ளே போகவும் வேண்டாம், அருச்சகரைக் கேட்கவும் வேண்டாம். பாகைமானி ஒன்று, உறிஞ்சுகுழல் ஒன்று, நூலில் கட்டிய கல் ஒன்று, கருவி ஆயத்தம். குழல் வழியே கோபுர உச்சியைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்கட்டும். கோணம் 45 ஆகும் இடத்தில் நின்று, அங்கிருந்து உச்சிக்கு நேர்கீழான இடம்வரை உள்ள தூரத்தை அளந்து, தன் கண்ணின் உயரத்தைக் கூட்டினால் கோபுரத்தின் உயரம் வந்துவிடும். கோபுர வாசலில் ஒரு காலத்தில் நிறுத்தப்பட்டவனின் பேரப்பிள்ளை, தெருவில் நின்றபடியே கோபுரத்தை அளந்துவிடுவான்!

சூரியனும் நமக்கு ஆசிரியனே. ஏப்ரல் 21-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 21, 22-ஐ ஒட்டியும், புதுவை வட்டாரத்தில் நண்பகல் 12 மணி 10 நிமிடம் வாக்கில் நட்ட கோலின் நிழல் காணாமற்போகும். தமிழ்நாட்டிலும் புதுவையிலும் அறிவியல் இயக்கத் தோழர்கள் இந்த நிழலில்லா நாளைப் பிள்ளைகளுக்குக் காட்டி வருகிறார்கள். அதே நாளில் வடக்கே தொலைவிலுள்ள ஊரில் நிழல் விழும். அந்தக் கோணத்தையும் இரண்டு ஊருக்கு இடைப்பட்ட தூரத்தையும் கொண்டு உலகின் சுற்றளவைச் சொல்லிவிடலாம். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன் எகிப்தில் எரட்டோசுதனிசு செய்தது இதுவே. ஒரு கோல், ஒரு நிழல். உலகமே அளவுக்குள் வந்தது!

‘இதற்கெல்லாம் ஆசிரியர் எங்கே?’ என்கிறார்கள். ஊரிலேயே இருக்கிறார்! வீட்டுக்கு மூலை பார்க்கும் கொத்தனாரைப் பாருங்கள். நூலில் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, இரண்டையும் இணைக்கும் குறுக்கு 5 அடி வருகிறதா என்று பார்க்கிறார். வந்தால் மூலை நேர். பிதாகரசு தேற்றத்தைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிய பிள்ளை வீட்டு மூலையைக் கோணலாகப் போடுவான்; பள்ளி முகம் காணாத கொத்தனார் நேராகப் போடுவார். அவரைத் திடலுக்கு அழையுங்கள். பாடம் நடத்தச் சொல்லுங்கள். தன் தந்தையின் கையில் இருப்பது கணக்கு என்று தெரிந்த பிள்ளை, கணக்கையும் மதிப்பான், தந்தையையும் மதிப்பான்.

மண்வெட்டும் தாயையும் அழையுங்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் வெட்டினால் 6 கன மீட்டர். ஆழத்தை 40 சென்டிமீட்டர் என்று எழுதினால் 4.8 கன மீட்டர். அளவுநாடாவை அழுத்திப் பிடிக்காமல் விட்டதால் போனது பத்துச் சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். போனது உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு! இந்தக் கணக்கைத் தெரிந்த மகள் பக்கத்தில் நின்றால், அளவுநாடா தானாகவே நேராக நிற்கும்.

மறுப்புகள் வரும், வரட்டும். ‘பாடத்திட்டம் முடியாது’ என்பார்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே நாம் எதையும் கேட்கவில்லை. வடிவொத்த முக்கோணம், ஆயத்தொலைவு, உயரமும் தூரமும், பரப்பும் கனஅளவும், எல்லாம் ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கிலே இருப்பவைதாம். ‘2023-24 முதல் புதுவை அரசுப் பள்ளிகள் மத்தியக் கல்வி வாரியப் பாடத்துக்கு மாறிவிட்டனவே’ என்பார்கள். மாறட்டும். பாடநூல் தில்லியில் அச்சாகலாம். ஏரி பாகூரில்தான் இருக்கிறது! தில்லிப் பாடநூல் சொல்லும் கணக்கை வில்லியனூர் மண்ணில் பொருத்திக் காட்டாவிட்டால், புதிய நூலும் பழைய மனப்பாடமாகவே முடியும்.

‘வெயில், பாம்பு, தண்ணீர், பிள்ளைகளுக்கு ஆபத்து’ என்பார்கள். காலை வேளையில் போகலாம். இரண்டு ஆசிரியரும் ஊர்ப் பெரியவர் இருவரும் உடன் வரலாம். கரையில் நடந்தால் போதும், நீரில் இறங்க வேண்டியதில்லை. வயலில் நாற்று நடப் போகும் பிள்ளைக்கு இல்லாத ஆபத்து, கணக்குப் படிக்கப் போகும்போது மட்டும் வந்துவிடாது. பெண்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பேச்சு வேண்டாம். கோலின் ஒரு முனை அவள் கையில் இருக்கட்டும். எண்ணை எழுதும் ஏடும் அவள் கையில் இருக்கட்டும்.

‘கைபேசி பிள்ளைகளைக் கெடுக்கும்’ என்பார்கள். கெடுக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். கைபேசியில் படம் பார்க்கிற பிள்ளை அதற்கு அடிமை. கைபேசி எப்படித் தன் இடத்தை அறிகிறது என்று கணக்குப் போடுகிற பிள்ளை அதற்கு எசமான். ஐந்து பேருக்கு ஒரு கைபேசி போதும். அதுவும் ஆசிரியர் கையிலிருந்து வந்து ஆசிரியர் கைக்கே திரும்பட்டும்.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள ஒவ்வோர் அரசு உயர்நிலைப் பள்ளியும் மாதம் ஒரு முற்பகலைக் களக் கணக்குக்கு ஒதுக்கட்டும். பள்ளிக்கு நான்கு அளவுநாடா, நூறு அடிக் கயிறு, முளைகள், தூக்குக்குண்டு, பாகைமானிகள் தரட்டும். கணக்கு ஆசிரியருக்கு அந்த நாளில் வேறு ஏட்டுவேலை சுமத்தாதிருக்கட்டும். நில அளவைத் துறை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓர் அளவையாளரைப் பள்ளிக்கு அனுப்பட்டும். பிள்ளைகள் அளந்த ஏரி, வாய்க்கால், குளத்தின் கணக்கு ஊர்க்கூட்டத்தில் படிக்கப்படட்டும். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

அரசு செய்யும் என்று கைகட்டிக் காத்திருக்கவும் வேண்டாம், தோழர்களே! கிளை அலுவலகத்தின் படிப்பகத்தில் மாலைவேளையில் நாளேட்டைப் படித்துவிட்டுக் கலைகிறோமே, ஞாயிற்றுக்கிழமை காலை ஒருமுறை தெருப்பிள்ளைகளைக் கூட்டி, கயிறும் கோலும் எடுத்து, நம் தெருவையே அளந்து பார்ப்போம். வீட்டில் சொத்து அட்டை இருந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள். பிள்ளைகளே அளக்கட்டும், பிள்ளைகளே பெருக்கட்டும், பிள்ளைகளே ஒப்பிடட்டும். எண் பொருந்தினால் மகிழ்ச்சி. அரசு சரியாக அளந்திருக்கிறது என்று நாம் சொல்வோம். பொருந்தாவிட்டால் மீண்டும் அளக்கட்டும். மூன்று முறை அளந்தும் பொருந்தாவிட்டால், மனு எழுதக் கையும் காரணம் காட்டக் கணக்கும் நம்மிடம் இருக்கின்றன.

வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில், 1954 அக்டோபர் 18 அன்று மக்களின் சார்பாளர்கள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு இணைவதற்கு 170 பேர். எதிராக 8 பேர். எண்ணினார்கள், எண்ணிக்கை முடிவு சொன்னது. அன்னியன் ஆட்சி போனது துப்பாக்கியால் அல்ல, எண்ணிக்கையால்! எண்ணத் தெரிந்தபோது ஆட்சி மாறியது. அளக்கத் தெரியும்போது ஏமாற்று மாறும்.

வானத்தில் கோள்கள் சுற்றட்டும். அவை நம்மைப் பார்க்கட்டும். கீழே, ஏரிக்கரையில், மண்வெட்டிப் பிடித்த கையின் பிள்ளைகள் கோலும் ஏடும் ஏந்தி நின்று, ‘நீ சொல்வது சரியா?’ என்று அவற்றையே அளந்து பார்க்கட்டும். எழுக, தோழர்களே! கணக்கைக் களத்துக்குக் கொண்டுவாரீர்; கோலைப் பிள்ளைகள் கையில் தாரீர்!